டி.பி. என்றால் தருமபுரி

என்னிடம் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி உரிமமும் கிடையாது. ஆனாலும் பழைய ராணுவ ரைஃபிள் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில், எந்த ஆலையில் செய்தது, எந்த வருஷத்தியது, முதல் தயாரிப்பா பின்னால் வந்ததா என்று சொல்லிவிடுவேன். சொன்னது சரியாக இருந்ததில்லை என்பதைத் தவிர இந்தத் திறமையில் வேறு குறை ஒன்றும் இல்லை.

நான் சொல்வது 'த்ரீ நாட் த்ரீ'யைப் பற்றி. நம் ஊர்ப் போலீஸ்காரர்களின் தோளில் பல தலைமுறை தொங்கிய லீ-என்ஃபீல்டு. போல்ட்டைத் தூக்கி இழுத்து, தள்ளி மடக்கினால் ஒரு தோட்டா உள்ளே போகும். மேகசினில் பத்துத் தோட்டா. பிரிட்டிஷ் ராணுவம் இதன் குட்டை வடிவத்தை 1902 கடைசியில் ஏற்றுக்கொண்டது. 1907இல் அது மார்க் 3 ஆனது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இச்சாப்பூர் ஆலை இதையே செய்து செய்து, பிரிட்டிஷ்காரர்கள் அடுத்த மாடலுக்குப் போன பிறகும் விடாமல் செய்தது. இந்தியச் சட்டத்தில் .303 தனியார் வைத்துக்கொள்ளத் தடை செய்யப்பட்ட ரகம். ஆகவே என் சேகரிப்பு முழுவதும் கைபேசியில் இருக்கிறது. அதிலும் பாதி, ஆட்கள் நகர்ந்துவிட்டதால் மங்கலாக இருக்கிறது.

பித்து பிடித்தது பள்ளிக்கூட என்.சி.சி.யில். அணிவகுப்புக்கு எங்களுக்குக் கொடுத்த ரைஃபிள்களின் கட்டையில் ஆங்கிலத்தில் பெரிதாக டி.பி. என்று போட்டிருக்கும். டி என்றால் தர்மா, பி என்றால் புரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊருக்கென்று தனியாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. சேலத்தில் நடந்த முகாமில் பார்த்தால் சேலத்துப் பையன்கள் கையிலும் டி.பி. நம் ஊர்த் துப்பாக்கியை இவர்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று ஹவில்தாரிடம் புகார் சொன்னேன். அவர் மலையாளி. முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்த பிறகு மற்ற ஹவில்தார்களையும் கூப்பிட்டு, என்னை மறுபடி சொல்லச் சொன்னார். டி.பி. என்றால் 'டிரில் பர்ப்பஸ்'. இனிமேல் சுடுவதற்கு லாயக்கில்லை, கவாத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட துப்பாக்கிக்குப் போடும் முத்திரை. ஊர்ப் பெருமை என்று நான் நினைத்தது கழிவு முத்திரை. முகாம் முடியும்வரை என்னையும் 'டி.பி.' என்றே கூப்பிட்டார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்த அவமானத்தில் வேறொருவனாக இருந்தால் துப்பாக்கிப் பக்கமே திரும்பியிருக்க மாட்டான். நான் புத்தகம் தேடிப் படித்தேன். எழுத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தால் ரைஃபிள் தன் ஜாதகத்தைத் தானே சொல்லும் என்று அந்தப் புத்தகங்கள் சொல்லின. போல்ட் கைப்பிடிக்குச் சற்றுப் பின்னால், கட்டை இரும்போடு சேரும் கழுத்தின் வலப்பக்கத்தில்தான் எல்லாம் இருக்கும்: ஒரு கிரீடம், அரசரின் முதலெழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு, மாடல். அது தேய்ந்திருந்தாலும் உறுப்புகள் காட்டிக்கொடுக்கும். ஆரம்ப மார்க் 1இல் தோட்டாக் கிளிப்பைச் செருகும் வழியின் ஒரு பாதி போல்ட்டின் தலையிலேயே சறுக்கிக்கொண்டிருந்தது. மார்க் 3இல் அது குறுக்கே ஓர் இரும்புப் பாலமாக நிலைத்துவிட்டது. ஆரம்ப மார்க் 3இல் மேகசினை மூடிவைக்கும் தகடு இருந்தது. பத்துத் தோட்டாவையும் அவசரத்துக்குச் சேமித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடலாம். இடப்பக்கம் முன்கட்டையில் ஒரு வட்டத் தகடும் முள்ளும் இருக்கும். கண்ணுக்கே தெரியாத தூரத்தில் நிற்கும் எதிரிக் கூட்டத்தின்மேல் ஒரு படையே சேர்ந்து குண்டு மழை பொழிவதற்கான குறிகாட்டி அது. அகழிக்குள் உட்கார்ந்து நூறு கஜத்தில் எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்த முதல் உலகப் போரில் இந்த நகாசு எதுவும் உதவவில்லை. செய்யவும் நேரமில்லை. 1916இல் இவற்றை நீக்கி, மார்க் 3க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறியைப் போட்டார்கள். வழக்கமாக நட்சத்திரம் கூடினால் மதிப்புக் கூடும். இங்கே நட்சத்திரம் வந்தால் நாலு பொருள் குறைந்தது என்று கணக்கு.

இவ்வளவும் படித்த கர்வத்தோடு சென்னையில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு த்ரீ நாட் த்ரீ. வலப்பக்கம் சுவரைப் பார்த்துக் கிடந்தது. முத்திரை தெரிய வேண்டுமானால் நான் சுவருக்குள் இருக்க வேண்டும். கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன், கைபேசியைப் பெட்டிக்கு மேலே நீட்டிப் படமெடுத்தேன். என் நெற்றிதான் நன்றாக விழுந்திருந்தது. சரி, இடப்பக்கம் இருக்கிறதே என்று ஆராய்ந்ததில், முன்கட்டையில் அந்தத் தூரக் குறிகாட்டி இருந்த இடத்தின் பள்ளம் தெரிந்தது. அவ்வளவுதான். கூட வந்த மைத்துனரிடம், "மாப்ளே, இது 1916க்கு முந்தினது. ஆரம்ப மார்க் 3. இது இங்கே கிடக்க வேண்டிய சரக்கே இல்லை" என்று அறை அதிரச் சொன்னேன். அங்கே வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் சிலர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வெளியே வரும்போது, மைத்துனர் பெட்டியின் ஓரத்திலிருந்த சிறு அட்டையைப் படித்துவிட்டு வந்து, "மாமா, அதுல 1940-கள்ல செஞ்சதுன்னு போட்டிருக்கே" என்றார். அட்டை தப்பு என்றேன்.

அட்டை தப்பில்லை. ராணுவத்தில் ஒரு ரைஃபிளின் மரம் உடைந்தால் கிடங்கில் இருக்கும் வேறு மரத்தை மாட்டுவார்கள். குழல் தேய்ந்தால் குழலை மாற்றுவார்கள். பழைய முன்கட்டை புதிய இரும்பின்மேல் ஏறும். புதிய மேகசின் பழைய வயிற்றில் நுழையும். ஆகவே உறுப்பு ஒன்று பழையதாக இருந்தால் அந்த உறுப்பு பழையது, அவ்வளவுதான். முழுத் துப்பாக்கியின் வயதைச் சொல்ல, உடலிலும் போல்ட்டின் கைப்பிடியிலும் குழல்முனை மூடியிலும் உள்ள வரிசை எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அதையும் அதே புத்தகங்கள்தான் சொல்லியிருந்தன. அந்த அத்தியாயத்தை நான் வேகமாகப் புரட்டியிருந்தேன். அதில் படம் இல்லை.

அரசர்களும் என்னைக் கைவிட்டார்கள். இச்சாப்பூர் முத்திரையில் கிரீடத்துக்குக் கீழே ஜி.ஆர்.ஐ. என்று இருக்கும். ஜார்ஜ் என்ற அரசர், இந்தியாவுக்குச் சக்கரவர்த்தியும் கூட என்று பொருள். நண்பர் ஒருவர் அனுப்பிய படத்தில் இந்த எழுத்துகளைப் பார்த்ததும், "ஐந்தாம் ஜார்ஜ் காலம்" என்று விளக்க ஆரம்பித்து, டெல்லி தர்பார் வரை போய்விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் தம்பி மகள் எட்டிப் பார்த்து, "பெரியப்பா, கீழ 1942ன்னு இருக்கு. ஐந்தாம் ஜார்ஜ் 1936லயே செத்துட்டாரே?" என்றாள். ஆறாம் ஜார்ஜுக்கும் அதே எழுத்துகள்தான். அரசர் போய் அரசர் வந்தாலும் முத்திரை மாறவில்லை. குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தபோதுதான் மாறியது. ஆண்டு கண்ணெதிரே எண்ணில் இருக்க, அதை விட்டுவிட்டு எழுத்தில் இறங்கி ஆழம் பார்ப்பது ஒரு தனித்திறன்.

இன்னொரு படத்தில் மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்திருந்தார்கள். "இது சோதனைக்காகச் செய்த முதல் மாதிரி. உலகத்திலேயே நாலைந்துதான் இருக்கும்" என்று பதில் போட்டேன். உண்மையில் அது .410 மஸ்கெட். தேய்ந்துபோன .303களின் குழலை இச்சாப்பூரில் வழவழவென்று கடைந்து, மேகசினை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும்படி சிறைக் காவலுக்கும் போலீசுக்கும் மாற்றிக் கொடுத்தது. காவல்காரன் கையில் வேகமாகச் சுடும் ராணுவ ரைஃபிள் இருக்க வேண்டாம், பறிபோனாலும் ராணுவத் தோட்டா அதற்கு உதவக் கூடாது என்ற வெள்ளைக்கார முன்யோசனை. நான் 'முதல்' என்று சொன்னது ஒரு துப்பாக்கியின் கடைசிக் காலம். வயதானவரைப் பார்த்துப் பச்சைக் குழந்தை என்று கொஞ்சியிருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் டீக்கடையில் துப்பாக்கி என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால் நாலு தலை திரும்பும். காரணம் உண்டு. 1980 வாக்கில் நக்சல் வேட்டை, அதற்குப் பிறகு வீரப்பன் வேட்டை, இன்றும் காட்டோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி ஒப்படைக்கச் சொல்லித் தண்டோரா. இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் பித்தை வைத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. 2004 அக்டோபர் 18ஆம் தேதி இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கொல்லப்பட்டான். மறுநாள் தருமபுரி அரசு மருத்துவமனை வாசலில் ஜனம் திரண்டு நின்றது. நானும் போனேன். எல்லாரும் எம்பி எம்பி உள்ளே பார்க்க, நான் மட்டும் கூட்டத்தைத் தடுத்து நின்ற போலீஸ்காரர் ஒருவரின் ரைஃபிள் கழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "யோவ், என்னத்தப் பாக்குற?" என்றார். "வருஷம்" என்றேன். அன்றைக்கு இருந்த நிலைமையில் அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்காமல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதோடு விட்டது அவருடைய பெருந்தன்மை. ஊரே பார்த்த முகத்தையும் நான் பார்க்கவில்லை, வருஷத்தையும் பார்க்கவில்லை.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ஒரு தேர்தல். பென்னாகரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலையே இயந்திரங்களோடு போய் இறங்கினோம். காவலுக்கு வந்தவர் இளம் காவலர். தோளில் போல்ட் ரைஃபிள். இறங்கிய உடனேயே மற்ற அலுவலர்களிடம், "பாருங்க, முதல் உலகப் போரில் சுட்டது. இதன் அண்ணன் தம்பிகளோடுதான் நம் சிப்பாய்கள் பிரான்சில் நின்றார்கள். 1914இல் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் அவர்களுக்குப் புது ரைஃபிளே கொடுத்தார்கள்" என்று வகுப்பெடுத்தேன். மார்சேய் விஷயம் நிஜம். மற்றதைக் கேளுங்கள்.

இரவு எல்லாரும் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். காவலர் மட்டும் வாசலோரம் நாற்காலியில், ரைஃபிளை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி அணைத்தபடி கண்ணயர்ந்திருந்தார். துப்பாக்கியிலிருந்து ஒரு மெல்லிய சங்கிலி அவர் இடுப்பு பெல்ட்டுக்குப் போயிற்று. யாரும் பறித்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. கழுத்தின் வலப்பக்கம் என்னை நோக்கி இருந்தது. ஆயுளில் இப்படி ஒரு வாய்ப்பு வராது. எழுந்து போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். கைபேசி விளக்கை உள்ளங்கையால் மறைத்து, விரலிடுக்கில் வெளிச்சத்தை விட்டேன். எண்ணெயும் தூசியும் சேர்ந்து எழுத்தை மூடியிருந்தன. கட்டை விரலால் மெதுவாகத் துடைத்தேன். ஆர்... எஃப்... ஐ... இச்சாப்பூர்தான். கிரீடத்தைத் தேடினேன், சிங்கம் இருந்தது. கீழே 1967. அதற்கும் கீழே 7.62 எம்.எம்., 2ஏ1.

அப்போதாவது எழுந்திருக்கலாம். ஆனால் இந்த 2ஏ1க்கும் ஓர் ஆரம்ப வடிவம் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் 7.62 தோட்டாவுக்கு மாறியபோது, இச்சாப்பூர்க்காரர்கள் பழைய லீ-என்ஃபீல்டு உருவத்தையே உறுதியான எஃகில் புதிதாகச் செய்தார்கள். முதலில் வந்தது 2ஏ; அதன் பேக்சைட்டில், அதாவது குறிபார்க்கும் பின் தகட்டில், பழையபடியே 2,000 வரை அளவு இருந்தது. அவ்வளவு தூரம் யார் சுடப் போகிறார்கள் என்று 800 மீட்டராகக் குறைத்ததும் 2ஏ1 ஆயிற்று. பெயர் 2ஏ1ஆக இருந்தாலும் பழைய பேக்சைட் மாட்டியிருந்தால்? உறுப்புகள் மாறும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் அல்லவா நான். தகட்டைத் தூக்கிப் பார்க்க விரலை நீட்டினேன். முழங்கை சங்கிலியில் பட்டது.

காவலர் கண்ணைத் திறந்தார். இரண்டு மணி இருட்டில், தன் துப்பாக்கிக்கு முன்னால் மண்டியிட்டு விளக்குப் பிடித்துக்கொண்டிருக்கும் தலைமை அலுவலரைப் பார்த்தார். கத்தவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஊரில் யாராவது பேய்க் கதை சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"சார்... என்ன சார் வேணும்?"

"ஒண்ணுமில்லை தம்பி. எட்டா இருபதான்னு பார்க்கறேன்."

"சார், பயமா இருக்கு சார். போய்த் தூங்குங்க சார்."

தூக்கம் எங்கே வரும்? மறுநாள் முழுக்க மனம் அந்தத் தகட்டிலேயே இருந்தது. மாலையில் படிவம் 17சி-யில் கூட்டுத்தொகையைத் தப்பாகப் போட்டேன். இயந்திரம் ஒன்று சொல்ல, என் கணக்கு ஒன்று சொல்ல, மண்டல அலுவலர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செட்டிக்கரைப் பொறியியல் கல்லூரியில் இயந்திரங்களை ஒப்படைக்க நின்ற வரிசையில் கடைசி ஆள் நான்தான். கூட்டலில் தவறியவர் கணக்கு வாத்தியார் என்பதை மண்டல அலுவலரிடம் யாரும் சொல்லவில்லை என்பது ஓர் ஆறுதல்.

எங்கள் தெருவில் ஓர் ஐயா இருக்கிறார். ஆயுதப்படையில் பல வருஷம் ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு, எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். இந்தக் கதையைச் சொன்னதும் வேட்டி அவிழச் சிரித்தார்.

"வாத்தியாரே, அதுக்கு எதுக்கு மண்டி போட்டீங்க? வயித்தப் பாருங்க. மேகசின் அடி சரிஞ்சு இருந்தா த்ரீ நாட் த்ரீ. சதுரமா இருந்தா செவன் சிக்ஸ் டூ. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே தெரியுமே."

அவரிடம் தொடர்ந்து விசாரித்தேன். கிடங்கில் மிகப் பழையது எந்த வருஷத்தியது, நட்சத்திரம் இல்லாத மார்க் 3 ஒன்றாவது இருந்ததா, பர்மிங்ஹாமில் செய்தது ஏதும் வந்ததா?

"வருஷமா? வருஷத்தப் பாத்து என்ன பண்றது, பொண்ணா பாக்கப் போறோம்? கைக்கு வந்ததும் ரெண்டுதான் பாப்போம். குழலுக்குள்ள வெளிச்சம் சுத்தமாத் தெரியுதா, கட்டையில பட் நம்பர் என்னா. பட் நம்பர் சொல்லித்தான் வாங்கணும், பட் நம்பர் சொல்லித்தான் திருப்பித் தரணும். அது மாறிப்போச்சுன்னா வேலை போச்சு."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனக்குக் கொடுத்த ரைஃபிளின் பட் நம்பரைக் கேட்காமலே சொன்னார். மனைவியின் கைபேசி எண்ணை இன்னும் பார்த்துத்தான் சொல்கிறார்; இது யோசிக்காமல் வந்தது. அந்த ரைஃபிள் எந்த ஆலையில் பிறந்தது என்று அவருக்குத் தெரியாது. அது மழையில் நனைந்தால் போல்ட் எந்த இடத்தில் சண்டித்தனம் செய்யும் என்று தெரியும்.

எங்கள் மாவட்டத்து நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த முத்திரைகள் ஞாபகம் வரும். அதிலும் இப்படித்தான், மேலே அரசன் பெயர், ஆட்சியாண்டு. ஆனால் அங்கே அதோடு நிற்பதில்லை. இன்னாருடைய சேவகன் இன்னான், மாடு மீட்கப் போய்ச் செத்தான் என்று ஆள் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். ரைஃபிளில் அரசர் உண்டு, ஆலை உண்டு, ஆண்டு உண்டு, தூக்கிக்கொண்டு நடந்தவர் பெயர் மட்டும் கிடையாது. அவருக்கும் அதற்கும் உள்ள உறவு கட்டையில் பெயின்ட்டால் எழுதிய ஓர் எண். அடுத்த முறை பெயின்ட் அடித்தால் அதுவும் போயிற்று. நான் இத்தனை வருஷமாகக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்ததில் அந்த எண்ணை ஒருமுறைகூடக் குறித்துக்கொண்டதில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்த செய்தியைப் படித்தபோதுகூட, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது நட்சத்திரம் இருக்கிறதா என்றுதான். தூக்கி நின்றவர்களின் முகம் ஒன்றுகூட ஞாபகமில்லை.

இதை ஐயாவிடம் சொன்னேன். அவருக்கும் மனம் இளகிவிட்டது போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து வந்தார். ஓய்வு பெறும் நாளில் கிடங்கு வாசலில் எடுத்த படம். மாலை போட்டிருக்கிறார். கையில், கடைசியாக ஒருமுறை என்று கேட்டு வாங்கிய அதே பழைய ரைஃபிள். வலப்பக்கம் கேமராவைப் பார்த்து இருக்கிறது. மேகசின் அடி சரிந்திருக்கிறது. போல்ட்டின் பின்குமிழ் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது. உருண்டையென்றால் ஆரம்ப காலம். எனக்கு மூச்சு வேகமாயிற்று. கழுத்துப் பக்கம் பார்த்தால், முத்திரை இருக்க வேண்டிய இடம் முழுவதையும் அவர் வலது கை அழுத்திப் பிடித்திருக்கிறது.

"ஐயா, கையைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சிருக்கலாமே?" என்றேன்.

ஆல்பத்தை மூடி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.